பெயர் எழுதாத படங்கள்: இணையத்தில் நான் சேர்த்தவை

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் போட்டோகொப்பி, பிரிண்ட், ஸ்கேன், ரீலோட் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடையை நானும் தம்பியும் நடத்துகிறோம். மழை பிடித்துக்கொண்டால் பின்னேரங்களில் ஆள் வரத்து இருக்காது. அந்த நேரத்தில் இணையத்தில் தேடிக் கிடைப்பதையெல்லாம் சேர்த்து வைப்பேன். நல்லதாகப் பட்டதை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். “இதெல்லாம் எங்கக்கா தேடிப் பிடிக்கிறீங்க?” என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் சேர்த்ததில் மனசுக்குப் பிடித்தவற்றையும், தேடியெடுத்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

நம் மலையைப் பற்றி இணையத்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. தேடத் தொடங்கினால் குவியல் குவியலாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வேறு யாரோ எடுத்த படம், வேறு யாரோ எழுதிய குறிப்பு. படத்தில் நம் ஆட்கள் நிற்பார்கள், கீழே பெயர் இருக்காது. நூறு வருடத்துக்கு முந்தைய தபால் அட்டையிலும் அப்படித்தான், போன வாரம் வந்த டிக்டொக்கிலும் அப்படித்தான். எதைத் தேடப் போனாலும் நான் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்: இதில் இருப்பது யார், அதை எங்கே எழுதி வைப்பது?

என் சேகரிப்பில் முதலிடம் ஜூலியா மார்கரெட் கமரனுக்கு. புகைப்பட வரலாற்றைப் படிக்கிற எவரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. கவிஞர் டெனிசன், விஞ்ஞானி சார்ள்ஸ் டார்வின், வானியலாளர் ஜோன் ஹெர்ஷல் ஆகியோரை அவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. அப்பேர்ப்பட்டவர் அடக்கம் செய்யப்பட்டிருப்பது பொகவந்தலாவையில். எங்கள் கடை வாசலில் பஸ் ஏறினால் போய் இறங்கக்கூடிய இடம். அங்கே செயின்ட் மேரிஸ் தேவாலய வளவில் இருக்கிறது கல்லறை.

முதலில் படித்தபோது நம்ப முடியாமல் பல இடங்களில் சரிபார்த்தேன். உண்மைதான். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்திருக்கிறார். கணவர் யார் தெரியுமா? வரலாற்றுப் பாடத்தில் நாமெல்லோரும் மனப்பாடம் செய்த, பிரித்தானியர் ஆட்சிக்காலத்துக் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் அந்தக் கமரன். சார்ள்ஸ் ஹே கமரனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, தோட்டங்கள் ஒவ்வொன்றாக நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். அடுத்த வருடம் கணவரும் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இலங்கையில் ஜூலியா எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அமெரிக்காவின் கெட்டி மியூசியத் தளத்தில் சிலவற்றைப் பெரிய அளவில் பார்க்கலாம். உரிமைச் சிக்கல் இல்லாத படங்களை அந்த மியூசியம் 2013 முதல் இலவசமாகவே தரவிறக்க விடுகிறது. முகத்தில் வெளிச்சம் விழுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. ஆனால் தலைப்பைப் பாருங்கள்: ‘களுத்துறைக் கிராமத்தவர்’, ‘சிலோன் சிறுமி’. இங்கிலாந்தில் தன் வீட்டுப் பணிப்பெண்ணையும் அவர் நிறையப் படமெடுத்திருக்கிறார். மேரி ஹில்லியர் என்ற அந்தப் பெண்ணின் பெயர் இன்றும் புத்தகங்களில் இருக்கிறது. இங்கே அவர் முன்னால் நின்றவர்களின் பெயரோ நமக்கு வந்து சேரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது, 1907இல் லண்டனில் வெளியான ஒரு தடித்த புத்தகம். ஆர்னல்ட் ரைட் தொகுத்த ‘டுவென்டியத் செஞ்சுரி இம்ப்ரெஷன்ஸ் ஒஃப் சிலோன்’. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் முழுதாகக் கிடக்கிறது. தோட்டங்களைப் பற்றிய பகுதி நீளமானது: எத்தனை ஏக்கர், யாருக்குச் சொந்தம், தொரை (தோட்டத்தை நடத்தியவர்) யார், பங்களா எப்படி, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) எப்படி என்று படங்களோடு எழுதியிருக்கிறார்கள். தொரைமாரின் பெயர் முதலெழுத்தோடு இருக்கும். மலையில் வேலை செய்தவர்களுக்கு ஒரு வரியும் இருக்காது. இருந்தாலும் உங்கள் தோட்டத்தின் பெயரை அதில் தேடிப் பாருங்கள். புத்தகத்துக்குள்ளேயே தேட ஒரு பெட்டி உண்டு, ஆயிரம் பக்கத்துக்குக் கிட்ட வரும் புத்தகத்தைப் புரட்டத் தேவையில்லை.

இந்த மாதிரிப் பழைய படங்களை வெறுமனே பார்த்து ‘லைக்’ போட்டுவிட்டுப் போவதில் பிரயோசனம் குறைவு. நான் செய்வது, ஏ4 தாளில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது. ஒருநாள் கொழுந்தெடுக்கும் பெண்கள் என்று குறிப்பிட்டிருந்த ஒரு பழைய தபால் அட்டைப் படத்தை அம்மாயி கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“இது கொழுந்து எடுக்கிற படமில்ல தாயி.”

“ஏன் அம்மாயி? கூடையோடதானே நிக்கிறாங்க?”

“கூடையத்தான் சொல்றேன். கயிறு தலையில அழுந்தியிருக்கா பாரு. இல்லையில்ல? அப்ப கூடையில ஒண்ணுமில்ல. தேயிலை நெறைக்குள்ள நிக்கிறவ இப்புடி ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்பாளா? தொரை கூப்பிட்டு நிறுத்தி வச்சு எடுத்திருக்கான்.”

அப்புறம் விரலை ஒவ்வோர் ஆளாக நகர்த்திக்கொண்டே போனார். இந்தக் கிழவி காதில் தொங்குவது தண்டட்டி, தன்னுடைய அப்பாயியும் போட்டிருந்தது. இந்தப் பிள்ளை அரைப்பேர் வயசுப் பிள்ளை, அரைச் சம்பளத்துக்கு வேலை செய்கிற வயசு. இவள் சீலையைச் சொருகியிருக்கிற விதத்தைப் பார்த்தால் வேலைக்குக் கட்டியது மாதிரித் தெரியவில்லை, படத்துக்காகக் கட்டியிருக்க வேண்டும். அந்தப் பெண்களை அம்மாயி கண்டிருக்க வழியே இல்லை, அவர் பிறப்பதற்கு முந்தைய படம். ஆனாலும் அந்த அட்டையை அச்சடித்தவருக்குத் தெரியாத பல விஷயங்கள் அம்மாயிக்குத் தெரிந்திருந்தன. அவ்வளவையும் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

பெரியவர்களிடம் பேசிப் பதிய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். “பழைய காலத்தப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால் “என்னத்தச் சொல்ல, கஷ்டந்தான்” என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கையில் ஒரு படத்தைக் கொடுங்கள், பேச்சு தானாக வரும். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். மேசை மேல் வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் விழும், மடித்த துண்டின் மேல் வையுங்கள். நம் வீடுகளில் பெரிய எதிரி தகரக் கூரை. மழை பெய்கிற நேரத்தில் பதியவே வேண்டாம்.

பதிந்ததோடு என்னென்ன எழுதி வைக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு பறவைத் தளத்தில். சேனோ-கான்டோ என்று 2005இல் நெதர்லாந்தில் தொடங்கிய தளம். உலகெங்கும் பறவைக் குரலைப் பதிகிறவர்கள் அதில் ஏற்றுகிறார்கள், யாரும் இலவசமாகக் கேட்கலாம். இலங்கையின் மலைக்காடுகளில் மட்டும் வாழ்கிற, விடியலிலும் அந்தியிலும் சீட்டியடிக்கிற கருநீலப் பூங்குருவி ஒன்று உண்டு. ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியுமுன் போகிற பறவை ஆர்வலர்கள் பலர் அதைத் தேடிப் போகிறார்கள். அந்தத் தளத்தில் ஒரு குரலைத் திறந்தால் பக்கத்தில் ஓர் அட்டவணை வரும்: பதிந்தவர் யார், எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், பாட்டா அழைப்பா.

ஒரு குருவிக்கு இவ்வளவு எழுதுகிறார்கள். நல்லதுதான், எழுத வேண்டியதுதான். அதே அட்டவணையை நான் நம் ஆட்களுக்குப் பயன்படுத்துகிறேன். சொன்னவர் பெயர், பிறந்த தோட்டம், கணக்கு (தோட்டத்தின் பிரிவு), திகதி, கேட்டது யார், எதைப் பற்றி. ஒரு பதிவுக்கு ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில்லாத பதிவு சில வருடத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாத குரலாகிவிடும்.

தேடுகிற முறைக்கு வருகிறேன். பழைய படங்களைத் தேடும்போது அந்தக் காலத்தவர்கள் எழுதிய மாதிரியே தேட வேண்டும். மலையகத் தமிழர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அண்மைக்காலக் கட்டுரைகள்தான் வரும். பழைய பட்டியல்களில் நாடு ‘சிலோன்’, நம் ஆட்கள் ‘தமிழ்க் கூலி’. அடிக்கும்போது கை கூசும். ஆனால் படங்களைப் பட்டியல் போட்டவர்கள் அந்தச் சொல்லைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைக் கொடுத்தால்தான் வரும். தோட்டத்தின் பெயரையும் எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தலவாக்கலையை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். படம் கிடைத்ததும் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள்: எந்த நிறுவனம், அவர்களுடைய பதிவு இலக்கம், வருடம், ஊர். வட்ஸ்அப்பில் சுற்றுகிற பழைய படங்கள் பலவற்றுக்கு மூலம் தெரியாமல் போனதற்கு இந்தச் சின்ன வேலையை யாரும் செய்யாததே காரணம்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு நூலகம் தளத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2005இல் தொடங்கி, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அந்தனி ஜீவா நடத்திய ‘கொழுந்து’, அப்புறம் ‘குன்றின் குரல்’, ‘தீர்த்தக்கரை’ என்று நம் மலையிலிருந்து வந்த இதழ்கள் அங்கே இருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டவர் சி.வி. வேலுப்பிள்ளை. வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். தொழிற்சங்க வேலைக்கிடையில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாகக் கேட்டு நம் நாட்டுப்பாடல்களை எழுதி வைத்தார். அவர் எழுதியிருக்காவிட்டால் அந்தப் பாட்டுகளில் பாதி இன்று நமக்கு இல்லை. போன் பதிவு, ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில் ஒரு மனிதர் கொப்பியும் பென்சிலுமாகச் செய்த வேலை இது. அவரைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் முதலில் படியுங்கள்.

நூலகத்தில் இருப்பவை ஸ்கேன் செய்த பக்கங்கள். ஒரு பந்தியை எழுத்தாக எடுக்க வேண்டுமென்றால் உட்கார்ந்து தட்டச்ச வேண்டியதில்லை. பக்கத்தைப் படமாக எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். கணினியில் அந்தப் படத்தின் மேல் வலப்பக்க பொத்தானை அழுத்தி, கூகுள் டொக்ஸில் திறக்கச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே தமிழ் எழுத்து வந்துவிடும். பழைய அச்சு, மங்கிய தாள் என்றால் பிழை வரும். முக்கியமாக வருடங்களையும் ஆட்களின் பெயர்களையும் மூலத்தோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் கடையில் அடிக்கடி வரும். கோயில் மலர், மரண அறிவித்தல், பாடசாலை ஆண்டு மலர் எல்லாம் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருப்பார்கள். அதை வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் குழம்பிப்போய் நிற்கும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. இணையத்தில் இருக்கிற சுரதாவின் எழுத்துரு மாற்றியில் போட்டால் ஒரு நொடியில் யூனிகோடாகிவிடும். உங்கள் தோட்டக் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலர் ஏதாவது அச்சகக் கணினியில் பாமினியில் கிடந்தால் கேட்டு வாங்கி மாற்றி வையுங்கள். அந்த மலர்களில் நன்கொடை கொடுத்தவர் பட்டியல் இருக்கும். ஒரு தோட்டத்தின் குடும்பங்கள் முழுக்கப் பெயரோடு வந்திருக்கிற ஆவணம் சில இடங்களில் அது ஒன்றுதான்.

சரி, சினிமாப் பக்கம் வருவோம். அட்டனிலிருந்து கொழும்புக்கு அவிசாவளைப் பாதையில் போகிற பஸ் கித்துல்கலையைத் தாண்டித்தான் போகும். ஏழு ஆஸ்கர் விருது வாங்கி, 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ அங்கே களனி கங்கைக் கரையில் எடுத்த படம். அதை அறிந்தபிறகு அந்த வளைவு வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க முடிவதில்லை. கண்டிப் பக்கம் பிறந்த இருவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர்., 1972இல் பிறந்த முரளிதரன். 2010 ஜூலையில் காலியில், தன் டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்தில் முரளி 800ஆவது விக்கெட் எடுத்த காட்சியை யூடியூப்பில் இன்னும் பார்க்காத பிள்ளைகள் உடனே பார்க்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் பிடித்த தேடல் இலங்கை வானொலி. அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்களை யாராரோ பழைய கேசட்டிலிருந்து எடுத்து யூடியூப்பில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் குரல்களைக் கேட்கத் தமிழ்நாட்டிலும் ஆட்கள் காத்திருந்த காலம் அது. அப்பா இதைக் கேட்டுவிட்டுப் பாட்டைப் பற்றிப் பேசவேயில்லை. “விரும்பிக் கேட்டவங்க பேரு வாசிப்பாங்கல்ல, அதுக்குத்தான் நாங்க காத்திருப்போம். தோட்டத்துப் பேரோட சேத்து வாசிப்பாங்க” என்றார். தபால் அட்டை வாங்கி எழுதிப் போட்டுவிட்டு, எந்த வாரம் வருமென்று லயம் முழுக்க ரேடியோவைச் சுற்றி நிற்குமாம். தோட்டத்து ஆட்களின் பெயர் நாடு முழுக்கக் கேட்டது அதில்தான்.

ஆகவே கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டு எல்லா இடத்திலும் கிடைக்கும். இடையில் வருகிற அறிவிப்பாளர் குரலும் பெயர்ப் பட்டியலும் வேறெங்கும் கிடைக்காது. ஏற்றும்போது அதை வெட்டிவிடாதீர்கள். கேசட் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஓடவிடாமல் முதலில் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள், நாடா அறுந்தால் போனதுதான்.

இப்போதைய வீடியோக்களில் எங்கள் மலைக்கு முகம் என்றால் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம்தான். 1921இல் கட்டி முடித்தது, இரும்பில்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியது. பாலத்தைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை, பார்க்க வேண்டிய இடம். அந்த வீடியோக்களில் அடுத்து வருகிற காட்சிதான் மனதை உறுத்துகிறது. தேயிலை மலை, நிறைக்குள் கூடையோடு ஒரு பெண், முகத்துக்குக் கிட்டப் போகும் கமரா, பின்னணியில் இசை. அந்தப் பெண் யாரென்று ஒரு சொல் வராது. பாலத்துக்கு வருடம் சொல்கிறார்கள், ரயிலுக்குப் பெயர் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் “உங்க பேரு என்னம்மா, படம் எடுக்கலாமா?” என்று கேட்க அரை நிமிடம் போதும். கேட்டு எடுக்கிறவர்களும் உண்டு. பண்டாரவளை, பசறைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தங்கள் பாட்டியின் பெயரைச் சொல்லி, அவர் கையாலேயே ரொட்டி சுட்டு, சம்பல் இடித்துக் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. பார்வை எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். நான் பகிர்வது அதைத்தான்.

2023ஐ நினைத்தால் இரண்டு காட்சிகள் வருகின்றன. ஒன்று, நம் ஆட்கள் இங்கே வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணம். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. காட்டுவழியில் சாகச்சாக மலையேறி வந்தவர்களின் பாதையில் நடந்த அந்தப் பயணத்தின் படங்கள் பேஸ்புக்கில் சிதறிக் கிடக்கின்றன. மற்றது, நம் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி மேடையில் நின்றது. சின்னப் பிள்ளை, பெயரை நான் எழுதவில்லை, எல்லோருக்கும் தெரியும். அந்த வாரங்களில் எங்கள் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் போனை நீட்டி அதைத்தான் காட்டினார்கள். சிதறிக் கிடக்கிற நடைபயணப் படங்களை எடுத்தவர்கள், யார் யார் நடந்தார்கள் என்ற குறிப்போடு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய படக் களஞ்சியமான விக்கிமீடியா கொமன்ஸில் ஏற்றினால் நல்லது. பேஸ்புக் பதிவு சில மாதங்களில் கீழே போய்விடும், கொமன்ஸில் போட்டது தேடினால் கிடைக்கும். விவரத்தைத் தமிழிலேயே எழுதலாம். நீங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும், சிறுபிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி பேஸ்புக்கில் கிடைத்த ஒரு விஷயம். எங்கள் மேட்டு லயத்துப் பெரியப்பா ஒருநாள் கடைக்கு வந்து, பொலித்தீனில் சுற்றிய ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை மேசையில் வைத்தார். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியா போவதற்கு முன் ஸ்டூடியோவில் எடுத்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான அந்த ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை அழுகைக் கோச்சி என்பார்கள் நம் பெரியவர்கள். பெரியப்பாவின் அண்ணன் போய்ச் சில வருடம் கடிதம் வந்திருக்கிறது. பிறகு நின்றுவிட்டது.

“ஒரு கொப்பி எடுத்துக் குடுத்தா போதும் மகள், இது கிழியப் போகுது” என்றார். நான் ஸ்கேன் செய்தேன். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள் நடத்துகிற பேஸ்புக் குழுக்கள் இருக்கின்றன. பெரியப்பாவின் சம்மதத்தோடு அதில் போட்டேன். சாதாரணமாக ‘இவரைத் தெரியுமா’ என்று போட்டால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். இங்கிருந்த தோட்டத்தின் பெயர், மேக்கணக்கா பணியக்கணக்கா (மேல் பிரிவா கீழ்ப் பிரிவா), எந்தக் கங்காணியின் ஆட்கள், இந்தியா போன வருடம், குலதெய்வம், படத்தில் இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயர், கூப்பிடு பெயர் எல்லாம் எழுதினேன். இந்த விவரங்களை அங்கே இருக்கிற பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்திருப்பார்கள்.

பதில் வந்தது. படத்தில் அண்ணன் மடியில் இருந்த கைக்குழந்தையின் மகள் எழுதியிருந்தாள். அண்ணன் இல்லை, அண்ணி இருக்கிறார். வீடியோ அழைப்பில் பெரியப்பா போனை ரொம்பக் கிட்டப் பிடித்துக்கொண்டு, “அண்ணி, நான்தான், சின்னவன்” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. நானும் தம்பியும் கடைக்கு வெளியே வந்து நின்றோம்.

இப்படித் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி எதையும் பொதுவில் போட வேண்டாம். சொந்தம் என்று சொல்லி வருகிறவர்களிடம் படத்தில் எழுதாத ஒரு விஷயத்தைக் கேளுங்கள். நாங்கள் கேட்டது, லயத்துக்குப் பின்னால் இருந்தது என்ன மரம் என்று. உடனே பணம் அனுப்பச் சொல்கிறவர் சொந்தமாக இருக்க மாட்டார்.

மழைக்காலத்து வட்ஸ்அப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மண்சரிவுப் படம் வந்தால் உடனே மற்றக் குழுக்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த அழிவின் படத்தை, பக்கத்துத் தோட்டத்தில் இன்று நடந்தது என்று சொல்லி எனக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் ஆட்கள் உள்ளவர்கள் எப்படிப் பதறியிருப்பார்கள்! உண்மையான எச்சரிக்கைக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். சிவப்பு வந்தபின் படம் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக, நான் இப்போது தேடிக்கொண்டிருப்பது. மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடுகிற காமன் கூத்து மாசியில் நடக்கிற தோட்டங்களில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் வீட்டில் ஒரு கொப்பி இருக்கும். ரதி மன்மதன் தர்க்கம், தூது, எரித்த பிறகு வருகிற ஒப்பாரி எல்லாம் கையால் எழுதியது. சிலவற்றில் எழுதியவர் பெயரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயரும் முதல் பக்கத்தில் இருக்கும். யூடியூப்பில் காமன் கூத்து வீடியோ நிறைய இருக்கிறது, தப்புச் சத்தத்தில் பாட்டின் வார்த்தை பிடிபடுவதில்லை. கொப்பி கிடைத்தால்தான் அந்தப் பாட்டு முழுதாக மிஞ்சும். நம் ஈரத்துக்கு அந்தத் தாள்கள் அதிக காலம் தாங்காது.

வாத்தியார் சம்மதித்தால் கொப்பியைக் கடைக்குக் கொண்டுவரக்கூடத் தேவையில்லை, போனே போதும். காலை வெளிச்சத்தில் வாசலில் ஒரு வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். அட்டையையும் வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எல்லாப் பக்கத்தையும் வரிசையாக எடுங்கள். ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்க வேண்டாம், அப்படியே எடுத்துவிட்டு எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ‘டொகுமென்ட்’ ஆக அனுப்புங்கள். கொப்பியை அன்றைக்கே வாத்தியார் கையில் திருப்பிக் கொடுங்கள், ஒரு பிரிண்ட் பிரதியோடு. எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்தப் பிரிண்டை நான் காசு வாங்காமல் எடுத்துத் தருகிறேன்.